சொல்லை எங்கே வெட்டுவது? உருபன்களைப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் இந்த இரண்டு வாக்கியங்களிலும் உள்ள இடைவெளியை நிரப்புங்கள்.

மேசைமேல் ஒரு தொமம் இருந்தது. பூனை வந்து அந்தத் ______ தள்ளிவிட்டது.
இப்போது தரையில் இரண்டு ______ கிடக்கின்றன.

"தொமத்தை", "தொமங்கள்" என்றுதான் நிரப்பியிருப்பீர்கள். தொமம் என்று ஒரு பொருளே கிடையாது. இந்தக் கட்டுரைக்காக நான் இட்டுக்கட்டிய சொல் அது. இருந்தும் ஒருவர்கூட "தொமம்ஐ" என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். முதல் இடத்தில் மகரம் காணாமல் போய் "த்து" வந்து உட்கார்ந்தது. இரண்டாம் இடத்தில் அதே மகரம் "ங்" ஆனது. யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகச் செய்தது.

1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் சின்னக் குழந்தைகளிடம் இதே விளையாட்டைத்தான் ஆடினார். குருவி போன்ற ஒரு படத்தைக் காட்டி, "இது ஒரு வக்" என்றார். பிறகு அதே உருவம் இரண்டு உள்ள படத்தைக் காட்டி, "இப்போது இரண்டு…" என்று நிறுத்தினார். முன்பின் கேட்டிராத அந்தச் சொல்லுக்கும் குழந்தைகள் சரியாகப் பன்மை சொன்னார்கள். சொற்களை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் இது நடக்காது. சொல்லைக் கட்டும் துண்டுகளும், அவற்றை ஒட்டும் விதிகளும் தலைக்குள் தனியாக இருக்கின்றன.

அந்தத் துண்டுக்கு மொழியியலில் உருபன் என்று பெயர். பொருளோ இலக்கண வேலையோ உள்ள மிகச் சிறிய துண்டு அது. அதற்குமேல் வெட்டினால் ஒலிதான் மிஞ்சும். பள்ளியில் இதையே பகுபத உறுப்பிலக்கணம் என்ற பெயரில் படித்தோம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளை வகுத்து வைத்தார். தேர்வுக்காக அதை வாய்ப்பாடு போல ஒப்பித்ததால் பலருக்கு அதன்மேல் கசப்புதான் மிச்சம். உண்மையில் அது ஒரு துப்பறியும் வேலை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: தனிச்சொல்லை வெட்டாதீர்கள்

"நடந்தான்" என்ற சொல்லை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எங்கே வெட்டுவது என்று தெரியாது. அதன் உறவினர்களைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துங்கள்.

நடந்தான், நடந்தாள், நடந்தார், நடந்தேன், நடந்தாய்
நடந்தான், நடக்கிறான், நடப்பான்
நடந்தான், உடைந்தான், அமர்ந்தான்

முதல் வரிசையில் "நடந்த்" வரை எல்லாம் ஒன்று. கடைசித் துண்டுதான் மாறுகிறது. அது மாறும்போது செய்தவர் யார் என்பதும் மாறுகிறது. ஆகவே ஆன், ஆள், ஆர், ஏன், ஆய் ஆகியவை தனித் துண்டுகள். இரண்டாம் வரிசையில் நடுப்பகுதி மாறக் காலம் மாறுகிறது. மூன்றாம் வரிசையில் முன்பகுதி மாற வினையே மாறுகிறது. மூன்று வரிசை, இரண்டு வெட்டு: நட + ந்த் + ஆன்.

ஒலி எங்கே மாறுகிறதோ அங்கேயே பொருளும் மாற வேண்டும். இந்த ஒப்பீடுதான் மற்ற எல்லாப் படிகளுக்கும் அடிப்படை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். ஆன், ஆள், ஆர் மூன்றிலும் "ஆ" பொதுவாக இருக்கிறதே, அவன், அவள், அவர் என்பவற்றிலும் கடைசி மெய்தானே மாறுகிறது, அப்படியானால் ன், ள், ர் என்று இன்னும் நறுக்கலாமா? நறுக்கலாம், சாட்சி இருக்கிறது. ஆனால் மிஞ்சும் "ஆ"வுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவோம். நன்னூல் ஆன், ஆள் என்பவற்றை முழு விகுதியாகவே வைத்துக்கொள்கிறது. நானும் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

உங்கள் வட்டார வழக்கையும் வரிசையில் சேருங்கள். யாழ்ப்பாணத்தில் "நான் வாறன்" என்பார்கள். தமிழ்நாட்டுக் காதுக்கு அந்த "அன்" ஆண்பால் விகுதி போலக் கேட்கும். ஆனால் அங்கே "அவன் வாறான்", "நான் வாறன்" என்று குறிலும் நெடிலும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. அன் என்பதைத் தன்மை ஒருமை விகுதிகளில் ஒன்றாக நன்னூலும் சொல்கிறது. ஆகவே, ஒரு வழக்கின் வரிசையைக் கொண்டு இன்னொரு வழக்கின் சொல்லை வெட்டக் கூடாது.

இரண்டாம் படி: ஒவ்வொரு வெட்டுக்கும் சாட்சி கேளுங்கள்

தாமரையைத் தா + மரை என்று பிரித்துத் தாவும் மான் என்று பொருள் சொல்வது நம் ஊர்ப் பழைய விளையாட்டு. வேங்கையை வேம் + கை என்று பிரித்து வேகின்ற கை என்பதும் அப்படியே. சிலேடைக்கு அழகு, குளத்தில் பூக்கும் தாமரைக்கு அது உதவாது. பூவாகிய தாமரையில் தாவுதலும் இல்லை, மானும் இல்லை. காதுக்குத் தெரிந்த துண்டு உள்ளே இருப்பதாலேயே அது உருபன் ஆகிவிடாது. பூவின் பெயர் பகாப்பதம். வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

சில சொற்கள் இரண்டு விதமாகவும் வெட்டுப்படும். முயலாமை என்பது முயல் + ஆ + மை என்றால் முயற்சி இன்மை. முயல் + ஆமை என்றால் இரண்டு பிராணிகள். எதை எடுப்பது என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும். முயல் ஓட்டத்தில் தோற்ற கதையைச் சொல்லும்போது இரண்டும் பொருந்திவிடுவதால்தான் மேடைப் பேச்சாளர்கள் அதை விடுவதே இல்லை.

அந்த "ஆ + மை" துண்டைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அறியாமை, கல்லாமை, பொறாமை, இல்லாமை எல்லாவற்றிலும் ஆ என்பது எதிர்மறை, மை என்பது பெயராக்கும் விகுதி. இப்போது "வீட்டுக்கு அருகாமையில்" என்று எழுதுகிறோமே, அதைப் பிரியுங்கள். அருகு + ஆ + மை. அருகுதல் என்றால் குறைதல். ஆகவே அருகாமை என்றால் குறையாமை. பக்கத்தில் என்ற பொருளுக்கு வேண்டியது "அருகில்" மட்டுமே. அருகாமை இன்று செய்தித்தாள் வரை புழங்குகிறது, யாருக்கும் புரியாமலும் இல்லை. இருந்தாலும் அதன் உறுப்புகளைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வருவதில்லை.

மூன்றாம் படி: ஒரே ஆள், பல வேடம்

பெரும்பாலோர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஆகவே மெதுவாகப் போவோம். இறந்தகாலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

செய் + த் + ஆன் = செய்தான்
உண் + ட் + ஆன் = உண்டான்
தின் + ற் + ஆன் = தின்றான்
ஓடு + இன் + ஆன் = ஓடினான்

நான்கிலும் வேலை ஒன்று, உருவம் நான்கு. இப்படி ஒரே உருபன் எடுக்கும் வெவ்வேறு உருவங்களை மாற்றுருபன்கள் என்பார்கள். நன்னூலும் த், ட், ற், இன் ஆகியவற்றை இறந்தகால இடைநிலைகள் என்று ஒரே வரிசையில் வைக்கிறது.

அடுத்து கேட்க வேண்டியது: எந்த உருவம் எங்கே வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? சில இடங்களில் பக்கத்து ஒலி. ண் சொல்லும்போது நாக்கு மேலே மடிந்திருக்கிறது. அங்கிருந்து பல்லுக்கு வந்து த் சொல்வதைவிட இருந்த இடத்திலேயே ட் சொல்வது சுலபம். உண், கொள், கேள் எல்லாம் உண்டான், கொண்டான், கேட்டான் என டகரம் பிடிப்பது இதனால். தின், நில், கல் ஆகியவை தின்றான், நின்றான், கற்றான் என றகரம் பிடிப்பதும் இதே போலத்தான்.

வேறு சில இடங்களில் ஒலி உதவாது. "படு" என்று ஒரு வினை, துன்பம் பட்டான். "படு" என்று இன்னொரு வினை, பாயில் படுத்தான். ஒலி அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் ஒன்று ஒற்றை இரட்டித்துக் காலம் காட்டுகிறது, மற்றொன்று த்த் எடுக்கிறது. இதை விதியால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு வினையும் தன் குலம் எது என்பதைத் தன்னுடனேயே சுமந்துகொண்டு வருகிறது. விடு, இடு, பெறு ஆகியவை விட்டான், இட்டான், பெற்றான் என்று போக, அதே அளவுள்ள கொடுவும் எடுவும் கொடுத்தான், எடுத்தான் என்று வேறு வழியில் போகின்றன. அயல்மொழிக்காரர் தமிழ் கற்கும்போது கண்ணீர் விடும் இடம் இது.

ஆகவே குறிப்பேட்டில் மாற்றுருபன்களை எழுதும்போது பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுங்கள்: "ஒலியால்" அல்லது "வினையின் குலத்தால்".

மரபிலக்கணத்துக்கும் மொழியியலுக்கும் சின்ன வாய்த்தகராறு உள்ள இடமும் இதுவே. பள்ளியில் நடந்தான் என்பதை நட + த்(ந்) + த் + ஆன் என்று பிரித்தோம். முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம், இரண்டாவது த் தான் இடைநிலை. மொழியியலார் பலர் ந்த் முழுவதையும் ஒரே காலத்துண்டாக எடுப்பார்கள். நான் இரண்டாம் கட்சி. காரணம் இந்த இரண்டு சொற்கள்:

கண்ணாடி உடைந்தது.
பையன் கண்ணாடியை உடைத்தான்.

உடை என்ற பகுதி இரண்டுக்கும் பொது. தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்ற வேறுபாடு முழுவதும் ந்த், த்த் என்பதில்தான் இருக்கிறது. அந்த ந் வெறும் சந்தியின் திரிபு என்றால் அதை மாற்றியதும் பொருள் மாறியிருக்கக் கூடாது. ஆனால் மாறுகிறது. நீங்கள் தேர்வு எழுதப் போகிறவர் என்றால் மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: வெட்டவே முடியாத இடங்கள்

மணிகளைக் கோத்த மாலை போல எல்லாச் சொல்லும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருபவர் இங்கே இடறுவார். கெடு, கேடு. சுடு, சூடு. பெறு, பேறு. படு, பாடு. வினை பெயராகிவிட்டது, ஆனால் எதுவும் வந்து ஒட்டவில்லை. முதல் உயிர் நீண்டது, அவ்வளவுதான். இலக்கணம் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்கிறது. இங்கே உருபன் எது என்று கேட்டால், "நீட்டம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு வகையில் மெல்லினம் வல்லினமாகிறது. திருந்து, திருத்து. அடங்கு, அடக்கு. திரும்பு, திருப்பு. எழும்பு, எழுப்பு. தன்வினை பிறவினையாவது அந்த ஒரே ஒரு மாற்றத்தால். இதே மாற்றம் பெயர்ச்சொற்களிலும் தலைகாட்டும்: வேம்பின் இலை வேப்பிலை, இரும்பால் ஆன பாதை இருப்புப்பாதை, மருந்து தருபவர் மருத்துவர்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. செய்வான், செய்யான். முதல் சொல்லில் வ் என்பது எதிர்காலம். இரண்டாம் சொல்லில் காலம் காட்டும் எழுத்தே இல்லை; இரட்டித்த ய் வெறும் புணர்ச்சிதான். காலம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதே "செய்யமாட்டான்" என்ற பொருளைத் தருகிறது. ஆ என்ற எதிர்மறை இடைநிலை அங்கே வந்து புணர்ந்து கெட்டது என்று மரபிலக்கணம் விளக்கும். மொழியியல் அந்தக் காலி இடத்தையே ஒரு சுழி உருபனாகக் கணக்கில் எடுக்கும். இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன: வகுப்பில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் யார் வரவில்லை என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? "நட", "போ" என்ற ஏவல்களிலும் இப்படித்தான் விகுதியின் இடம் காலியாக இருக்கிறது.

ஐந்தாம் படி: பெயர்ச்சொல்லில் வரிசையைப் பாருங்கள்

பெயரில் துண்டுகள் ஒரு நிலையான வரிசையில்தான் நிற்கும். வீடு + கள் + இல் + உம் + ஆ: வீடுகளிலுமா? முதலில் பன்மை, பிறகு வேற்றுமை, பிறகு உம், கடைசியில் வினா. இடம் மாற்றி "வீட்டில்கள்" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும்.

வேற்றுமை உருபு நேராக வந்து ஒட்டாமல் நடுவில் ஒரு துண்டைத் துணைக்கு அழைப்பதும் உண்டு. மரம் + அத்து + ஐ = மரத்தை. அவை + வற்று + ஐ = அவற்றை. இந்த அத்து, வற்று ஆகியவை சாரியைகள். இவற்றுக்குத் தனியே பொருள் இல்லை. இரண்டு துண்டுகளை இணைக்கும் வேலை மட்டுமே. தொடக்கத்தில் நீங்கள் தொமத்துக்குக் கொடுத்த "த்து" இதுதான். பொருளுள்ள துண்டுதான் உருபன் என்ற வரையறைக்கு இந்தச் சாரியை ஒரு தலைவலி. அதனால்தான் தொடக்கத்திலேயே "இலக்கண வேலையோ" என்று ஒரு சொல்லைச் சேர்த்து வைத்தேன்.

டு, று என்று முடியும் பல பெயர்களில் ஒற்று இரட்டிக்கும்: வீடு, வீட்டில், ஆறு, ஆற்றில், சோறு, சோற்றில். இந்த வரிசை மனத்தில் அழுத்தமாகப் பதிந்திருப்பதால் ஒரு விபத்து நடக்கிறது. "சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்" என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். சுவறு என்று ஒரு சொல் இருந்தால்தான் சுவற்றில் சரி. இருப்பது சுவர்; சுவர் + இல் = சுவரில். ஆற்றிலும் சோற்றிலும் பழகிய நாக்கு சுவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டது. பிழைதான், ஆனால் தலைக்குள் விதி உயிரோடு இருப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

கூட்டுச்சொற்களில் பகுதியே முகம் மாறி நிற்கலாம். தேங்காயில் இருப்பது தேன் அல்ல. தென்னைக்குத் தெங்கு என்று பெயர். தெங்கு + காய். காய் வந்து சேரும்போது தெங்கின் எகரம் நீண்டு, ஈற்று உயிர்மெய் கெடும் என்று இந்த ஒரு சொல்லுக்காகவே நன்னூலில் விதி இருக்கிறது. மா + காய் மாங்காய், பனை + காய் பனங்காய், புளி + காய் புளியங்காய். நான்கையும் பக்கத்தில் வைத்தால்தான் காய் என்ற பொதுத்துண்டு கண்ணில் படும்.

ஆறாம் படி: இந்தத் துண்டு இன்னும் ஓடுகிறதா?

சில விகுதிகள் இன்றும் புதுச்சொல் பெற்றுத் தருகின்றன. "காரர்" அப்படி ஒன்று: பால்காரர், கடைக்காரர், ஆட்டோக்காரர். நாளை வரப்போகும் வண்டிக்கும் ஒரு "காரர்" தயாராக இருப்பார். செயல் + இ = செயலி, உலாவு + இ = உலாவி என்ற கணினிச் சொற்களில் இருக்கும் இ, நால் + கால் + இ = நாற்காலியில் இருக்கும் அதே பழைய இ தான். மாறாக, பேறு, கேடு போல முதலெழுத்தை நீட்டிப் புதுப்பெயர் உண்டாக்க இன்று யாரும் முயல்வதில்லை. அந்தப் பட்டறை மூடியாகிவிட்டது. ஒரு துண்டு ஓடுகிறதா என்று அறிய, நேற்று வந்த இரவல் சொல்லோடு ஒட்டிப் பாருங்கள். "பஸ்களில்", "போனை", "டாக்டருக்கு" எல்லாம் தடையின்றி வருகின்றன. வேற்றுமை உருபுகள் நல்ல ஓட்டத்தில் இருக்கின்றன.

எழுதும்போது வரும் ஒரு ஐயத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். ஓட்டுநரா, ஓட்டுனரா? பிரித்தால் விடை வந்துவிடும். பெறு + நர் = பெறுநர், அனுப்பு + நர் = அனுப்புநர், இயக்கு + நர் = இயக்குநர். விகுதி நர், ஆகவே ஓட்டுநர், நடத்துநர். கடிதத்தின் தலைப்பில் பெறுநர் என்று சரியாக எழுதும் கை, பேருந்தில் ஏறியதும் நடத்துனர் என்று எழுதுவதுதான் வேடிக்கை.

ஏழாம் படி: நீளமான ஒன்றை உரிப்போம்

எழுதப்பட்டவற்றிலிருந்தும்.

பின்னாலிருந்து உரிப்பதுதான் வசதி. கடைசியில் உம், எடுத்துவிட்டாலும் சொல் நிற்கிறது. அடுத்து இலிருந்து. மிஞ்சுவது எழுதப்பட்டவற்று. வற்று என்பது ஐந்தாம் படியில் பார்த்த சாரியை. அது வந்தால் அங்கே "அவை" மறைந்திருக்கிறது என்று பொருள். ஆகவே எழுதப்பட்ட + அவை. பட்ட என்பது படு ஒற்று இரட்டித்துக் காலம் காட்டி, அ என்ற பெயரெச்ச விகுதி பெற்றது. எழுத என்பது எழுது + அ. நடுவில் உள்ள ப் சந்தி.

எழுது + அ + ப் + பட்ட் + அ + அவை (வற்று) + இல் + இருந்து + உம்

வரிசையாக எழுதினால் எல்லாத் துண்டும் ஒரே மட்டத்தில் இருப்பது போலத் தோன்றும். அப்படியல்ல. எழுதவும் படுவும் முதலில் சேர்ந்து ஒரு வினையாகின்றன; அந்த வினை பெயரெச்சமாகிறது; அது அவையோடு சேர்ந்து பெயராகிறது; பெயரான பிறகுதான் வேற்றுமை வந்து ஒட்டுகிறது. சரிபார்க்க முதல் படிக்குத் திரும்புங்கள்: எழுதப்படாதவற்றிலிருந்தும், எழுதப்பட்டவர்களிடமிருந்தும், பேசப்பட்டவற்றிலிருந்து. ஒரு துண்டை மாற்றினால் அந்தத் துண்டின் பொருள் மட்டும் மாறுகிறதா? மாறினால் உங்கள் வெட்டு சரி.

இதில் "இருந்து" மட்டும் விவகாரமானது. இரு + ந்த் + உ என்று அதைப் பிரிக்கலாம், சாட்சி ஏராளம். ஆனால் "மதுரையிலிருந்து வந்தாள்" என்னும்போது அவள் எங்கேயும் இருக்கவில்லை, புறப்பட்டுவிட்டாள். இருத்தல் என்ற பொருள் கரைந்து, நீங்கல் என்ற வேற்றுமைப் பொருள்தான் நிற்கிறது. "வந்து விட்டான்" பேச்சில் "வந்துட்டான்" ஆகி, விடுதல் கரைந்து முடிவு மட்டும் மிஞ்சியதும் இதே கதைதான். எழுத்தில் "வீட்டிலிருந்து" என்று இன்னும் வெட்டுக்கோடு தெரிகிறது. பேச்சில் பலர் "வீட்லேந்து" என்கிறார்கள். அந்த "லேந்து"வை மட்டுமே கேட்டு வளரும், இன்னும் எழுத்து படிக்காத குழந்தைக்கு அதற்குள் இரு இல்லை, இல் கூட இல்லை. அது ஒரே துண்டு. அந்தக் குழந்தையின் தமிழை வெட்டும்போது நீங்களும் ஒரே துண்டாகத்தான் விட வேண்டும்.